வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, 90 சதவீத ஒப்பந்தம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படியுங்கள்

பார்ட் டைம் வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். இப்போது நேரமில்லை என்பவர்களுக்கு முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம், 90 சதவீதம் சரியாக அடித்தால் சம்பளம், குறைந்தால் நீங்கள் எங்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று யார் ஒப்பந்தம் அனுப்பினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்து பயந்துபோய் உட்கார்ந்திருந்தால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எனக்கு ஈரோடு. பி.காம் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூல் கடையில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்கூல் வேன் ஏறினதும் ஒன்பதரை மணி, திரும்பி வரும்போது மூன்றே முக்கால், நடுவில் அத்தைக்கு மத்தியானச் சாப்பாடும் மாத்திரையும் கொடுக்க வேண்டும், அதனால் முழு நாள் வேலைக்குப் போக வழியில்லை. என்னை மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தக் கும்பலுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வலையைப் பின்னியிருப்பதே நாளைக்கு நாலைந்து மணி நேரம் மட்டும் கையில் உள்ளவர்களுக்காகத்தான்.

விளம்பரம் ஃபேஸ்புக்கில் வந்தது. ஒரு ஃபார்முக்கு 30 ரூபாய், 5 நாளில் 500 ஃபார்ம், முடித்தால் 15,000 ரூபாய், டைப்பிங் தெரிந்தால் போதும், முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். அந்தக் கடைசி வரிதான் தூண்டில். பணம் கட்டச் சொன்னால் போகாதே என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், பென்சில் பேக்கிங் வேலை என்று சொல்லி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் பிடுங்கிய கதையெல்லாம் ஊருக்கே தெரியும். அதனால் இவர்கள் ஆரம்பத்தில் காசு என்ற பேச்சையே எடுப்பதில்லை. கணக்கும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். நாளைக்கு 100 ஃபார்ம், ஒன்றுக்கு 3 நிமிஷம் என்றால் 5 மணி நேரம். பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும் போலத் தெரியும்.

போனில் பேசிய பெண் நல்ல தமிழில், மேடம் மேடம் என்று பொறுமையாகப் பேசினாள். என்ன படித்திருக்கிறேன், எங்கே வேலை பார்த்தேன், எக்ஸெல் தெரியுமா, டேலி தெரியுமா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஆதார், பான், ஒரு போட்டோ, அப்புறம் ரெஃபரன்ஸ் என்று சொல்லி வீட்டிலுள்ள இரண்டு பேரின் போன் நம்பர். வேலை கொடுக்கிறவனுக்கு நம் திறமையைப் பற்றி அக்கறையே இல்லாமல் அடையாள அட்டை மேல் மட்டும் அவசரம் இருந்தால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். நான் இந்தப் பதிவில் சொல்கிறவற்றில் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

ஒப்பந்தம் 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் அடித்து, ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் வந்தது. போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அதில் பொடி எழுத்தில், 90 சதவீதத்துக்குக் குறைந்தாலோ 5 நாளில் முடிக்காவிட்டாலோ 'ஐடி பராமரிப்புக் கட்டணம்' என்று 6,800 ரூபாய் கட்ட வேண்டும் என்று இருந்தது. கேட்டதற்கு, அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம், வேலை வாங்கிக்கொண்டு பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான், உங்களை மாதிரி ஒழுங்காக அடிப்பவர்களுக்கு அந்தப் பேச்சே வராது என்றாள்.

இனி அந்த வேலை எப்படியிருந்தது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மொத்தச் சூழ்ச்சியும் இருக்கிறது. ஒரு ஐடி, பாஸ்வேர்டு தருவார்கள். திறந்தால் இடது பக்கம் ஒரு படம், வலது பக்கம் இருபது கட்டம். படத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர் பெயர், முகவரி, லோன் நம்பர், மின்னஞ்சல் என்று இருக்கும், வேண்டுமென்றே மங்கலாக்கிய படம். லோன் நம்பரில் இருப்பது பூஜ்யமா, ஓ என்ற எழுத்தா, ஒன்றா, சின்ன 'எல்' என்ற எழுத்தா என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது. பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் சில படத்தில் ஒரு இடைவெளி, சில படத்தில் இரண்டு. அதையும் உள்ளது உள்ளபடி அடிக்க வேண்டும், ஒரு புள்ளி தவறினாலும் அந்த ஃபார்ம் மொத்தமும் தப்பு என்று விதி. காப்பி பேஸ்ட் ஆகாது. ஒரு ஃபார்ம் சேவ் ஆக நிமிஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலாம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. ஹெல்ப்லைன் என்று கொடுத்த நம்பருக்குப் போட்டால் ரிங் போகும், எடுக்க ஆள் இல்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறமும் உட்கார்ந்து அடித்து 500-ஐ முடித்தேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. 71 சதவீதம். எந்த ஃபார்மில் என்ன தப்பு என்று காட்டுங்கள் என்றால், அது கம்பெனியின் ரகசியம் என்று பதில்.

பெரிய டைப்பிஸ்ட் வந்து உட்கார்ந்தாலும் அதில் 90 வராது, வரக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நாம் அடித்துக் கொடுத்த அந்த 500 ஃபார்ம் யாருக்கும் எதற்கும் தேவையில்லை. அவர்கள் சம்பாதிப்பது அதற்கு அடுத்த கட்டத்தில்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கே மத்தியானம் வேறொரு நம்பரிலிருந்து ஒரு ஆண் குரல். லீகல் டிபார்ட்மெண்ட் என்றான். 420 கேஸ், ஜாமீன் கிடையாது, சாயங்காலத்துக்குள் எஃப்.ஐ.ஆர், உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள் என்று நிறுத்தாமல் கத்தினான். பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். மேலே சிங்க முத்திரை, ஹைகோர்ட் என்று தலைப்பு, கீழே வக்கீல் சீல், வட்டமாக இன்னொரு சீல். அதற்குள் ரெஃபரன்ஸ் என்று வாங்கின நம்பருக்கும் போன் போய்விட்டது. என் மாமனாரிடம், உங்கள் வீட்டு மருமகள் கம்பெனியை ஏமாற்றிவிட்டாள், கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ரத்த அழுத்தக்காரர், முகம் வெளுத்துப்போய் வந்து நின்றார். வீட்டில் அந்த அவமானம் வேண்டாம் என்றுதான் யாராக இருந்தாலும் பணத்தை அனுப்புவார்கள், நானும் அனுப்பினேன். கம்பெனி பெயரில் இல்லை, ஏதோ தனி ஆள் பெயரில் உள்ள யு.பி.ஐ. அனுப்பிய ஒரு மணி நேரத்தில், கேஸை வாபஸ் வாங்க என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் 9,500 என்றான். ஒரு முறை அனுப்பினவரை இவர்கள் விடவே மாட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறார். நோட்டீஸை அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்து, "ஏம்மா, ஈரோட்டுல ஏது ஹைகோர்ட்? சென்னையில ஒண்ணு, மதுரையில அதோட கிளை, அவ்வளவுதான்மா" என்றார். அப்போதுதான் தலைப்பை நானும் நிதானமாகப் பார்த்தேன், ஹைகோர்ட் ஆஃப் ஈரோடு என்றே போட்டிருந்தார்கள். வழக்கு எண் இல்லை, வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண் இல்லை. புதுச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து மோசடிக்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, அதற்கு அப்புறம் நடந்த விஷயத்துக்குப் பழைய 420-ஐப் போட்டு எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் பதிய மாட்டார்கள் என்றார். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது, ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாகச் செய்து கொடுக்கவில்லை என்பது சிவில் சமாச்சாரம், அதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்யாது. உண்மையிலேயே வழக்குப் போட்டாலும் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, அபராதம் இவ்வளவு என்று பேப்பரில் எழுதியிருப்பதாலேயே அவ்வளவும் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும், எழுதின தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே.

அப்புறம் நான் என் பங்குக்கு நோண்டினேன். ஒப்பந்தத்தில் சென்னை முகவரி, ஆனால் ஜி.எஸ்.டி. எண் 29-இல் ஆரம்பித்தது. கணக்கு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாடு என்றால் 33, 29 என்றால் கர்நாடகா. ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலே எந்த எண்ணையும் தேடலாம். தேடினால் சம்பந்தமே இல்லாத வேறு தொழில் செய்யும் யாரோ ஒருவருடைய எண். இதேபோல் மாட்டிக்கொண்ட ஒரு திருப்பூர் பெண்ணிடம் பேசக் கிடைத்தது, அவளுக்கு வந்த ஒப்பந்தத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஸ்டாம்ப் பேப்பரின் வரிசை எண் இரண்டிலும் ஒன்றே. ஒரே பேப்பரை ஸ்கேன் செய்துவைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறாள், வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது என்று அழுதாள். அவளுக்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

சைபர் மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். பணம் போன உடனே, முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சொன்னால் அது போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நான் மறுநாள்தான் சொன்னேன், பணம் இதுவரை வரவில்லை. ஆனால் புகார் எண்ணை அந்த ஆளுக்கு அனுப்பியதும் கத்தல் நின்றுவிட்டது. பணம் இழக்கவில்லை, மிரட்டல் மட்டும்தான் வந்தது என்றால்கூட மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று யோசிக்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் போன் செய்யலாம். ஆதார் கொடுத்துவிட்டோமே என்ற பயம் இருந்தால் உடனே ஆதாரில் உள்ள பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) லாக் செய்துவிடுங்கள், இனி யார் கேட்டாலும் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

டெலிகிராமில் ஹோட்டலுக்கு ஸ்டார் போடும் வேலை, வீடியோவுக்கு லைக் போடும் வேலை எல்லாம் இதற்குத் தம்பிகள்தான். முதலில் 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள், அப்புறம் 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று நம்மிடமிருந்து ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். உங்கள் பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்பது இன்னும் மோசம். ஏமாற்றின பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், அதில் போலீஸ் நிஜமாகவே உங்கள் வீட்டுக்கு வரும்.

சரி, வேலைக்கு என்ன செய்வது என்றால், எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். ஆன்லைனை விட்டுவிட்டு, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் போய் எனக்கு டேலி தெரியும், பத்திலிருந்து ஒன்றரை வரை வர முடியும் என்று நேரிலேயே கேட்டேன். மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் 3பி என்ற ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களைப் போட வேண்டும் என்பதால் அந்த நாட்களில் அவர்களுக்கு ஆள் கட்டாயம் வேண்டும், மற்ற நாட்களில் முழுநேர ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஒரு துண்டு மொத்த வியாபாரக் கடையின் கணக்கும் அவர்கள் மூலமாகவே வந்தது. இங்கே ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பித்துச் செவ்வாய் வரை நடக்கும், பில்லெல்லாம் புதன்கிழமைதான் குவியும், அதனால் புதனும் வியாழனும் போனால் போதும். முதல் நாள் அந்தக் கடைக்காரர் ஒரு கட்டு பர்ச்சேஸ் பில்லைக் கையில் கொடுத்து, இதைப் போட்டுக் காட்டுங்க பார்க்கலாம் என்றார். ஆதாரைக் கேட்கவே இல்லை. 15,000 இல்லைதான், ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வருகிறது.

உங்களுக்கு வேறு வேலை தெரிந்திருக்கலாம், தையல், டியூஷன், சமையல், எதுவானாலும் அந்தத் தொழிலில் எந்த நாளில், எந்த நேரத்தில் ஆள் பற்றாக்குறை என்று விசாரித்து அங்கே போய்க் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளமும் மத்திய அரசின் என்.சி.எஸ். (நேஷனல் கேரியர் சர்வீஸ்) வேலைவாய்ப்புத் தளமும் இலவசம், வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமும் இலவசம்.

இப்போது இதில் மாட்டியிருப்பவர்கள் செய்ய வேண்டியது: அவர்கள் உங்கள் ஐடியை முடக்குவதற்கு முன்னால் ஃபார்ம், ரிப்போர்ட், சாட், ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறகு 1930.