வின்கிரிஸ்டின் ஊசி: என் மகளுக்கு 22 முறை ஏறிய மருந்து

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத புற்றுநோய் மருந்து. 1 மில்லியில் 1 மில்லிகிராம். 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டரை வருடத்தில் என் மகளுக்கு இது 22 முறை ஏறியது. சிகிச்சை முடிந்து 14 மாதம் ஆகிறது. வின்கிரிஸ்டின் என்ற பெயரை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டுவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு போனில் தேடிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. விளாத்திகுளம் பக்கம் தையல்கடை வைத்திருப்பவள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்ததும்தான் இதில் இருக்கிறது.

அவளுக்கு அப்போது 8 வயது, 22 கிலோ. விடாத காய்ச்சல், கால் வலி, பல் தேய்த்தால் ரத்தம். ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முதல் மாதம் வாரம் ஒரு வின்கிரிஸ்டின், கூடவே ஸ்டீராய்டு மாத்திரை, வேறு ஊசிகள். அளவு 1.3 மில்லி, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். உடம்பு எவ்வளவு பெரிதானாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். மாதக் கடைசியில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தபோது கெட்ட செல் கண்ணில் படவில்லை. இந்த ஒரு மருந்தின் வேலை மட்டும் இல்லை அது. ஆனாலும் 1960களிலிருந்து குழந்தைகளின் இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதல் வாரங்களில் விடாமல் கொடுத்து வருகிற மருந்து இது. அதற்கான காரணத்தை அந்த ஒரு மாதத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

இது எதிலிருந்து வருகிறது என்று இரண்டாவது வாரம் டாக்டர் சொன்னபோது, என் அம்மா வார்டிலேயே அழுதுவிட்டாள். நித்தியகல்யாணி. எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பூ என்பார்கள், வீட்டு வாசலில் வைக்க விட மாட்டார்கள். ஆனால் கரிசலில் மானாவாரியாக அப்பா இரண்டு ஏக்கர் போட்டிருந்தார். வேருக்கு ஒரு விலை, இலைக்கு ஒரு விலை. சின்ன வயதில் காய்ந்த இலையை மிதித்து மிதித்துச் சாக்கில் அடைத்தவள் நான். எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு டன் காய்ந்த இலையில் இந்த மருந்து சில கிராம்தான் இருக்குமாம்.

செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். 1952-இல் ஜமைக்காவிலிருந்து 25 இலைகளை ஒரு உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையில் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. சார்லஸ் பீர் என்பவரோடு சேர்ந்து 1958-இல் அவர் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து எலை லில்லி கம்பெனியில் எடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொந்தத்தில் ஒருவர், "வீட்டுக் கொல்லையிலயே கெடக்கே, இலைய அரைச்சுக் குடுத்துருவோமே" என்றார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இலையில் இன்னும் எத்தனையோ விஷச் சத்து கலந்திருக்கிறது, அளவும் தெரியாது. குப்பியில் 1.3 மில்லி என்று அளந்து போடுகிற மருந்தையே நாங்கள் அவ்வளவு பயந்து பயந்து பார்த்துக்கொண்டோம்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உண்டாகி, பாதிப் பாதியாக இழுத்துப் பிரிக்குமாம். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைச் சேர விடாது. நூல் தீர்ந்த மிஷின் மாதிரி செல் நடுவிலேயே நின்று செத்துப்போகும். நோய்க்கு எதிராக நல்ல வேலை. ஆனால் அதே மாதிரி இழைகள்தான் நம் நரம்புகளுக்குள்ளும் நீளமாக ஓடுகின்றன. முதுகிலிருந்து கால்விரல் வரை போகிற நரம்புதான் ரொம்ப நீளம், அதனால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. மற்ற கீமோ மாதிரி இது ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வளவாக இறக்காது. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். நரம்புதான் கவலை.

எங்களுக்கு முதலில் வந்தது தாடை வலி. ஊசி போட்ட இரண்டாம் நாள் இட்லியைக்கூட மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்வலி என்று நினைத்து நான் கிராம்பு வைத்தேன். பிறகு மலச்சிக்கல். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. குடல் நரம்பே சோர்ந்து போவதால் வருவது, வாழைப்பழத்தில் தீராது. லாக்டுலோஸ் சிரப்பை ஊசி போடும் அன்றைக்கே தொடங்கிவிடச் சொன்னார்கள். தினமும் வெளியே போனாளா இல்லையா என்று காலண்டரில் டிக் போட்டேன். மூன்றாவது மாதம் வலது கால் செருப்பு நடக்கும்போதே கழன்று கழன்று விழுந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்த்து நடந்தாள், சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை. டாக்டர் அடுத்த டோஸைக் குறைத்தார். ராத்திரிக்குக் காலில் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட், பகலில் பிசியோ. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பரம்பரையாகக் கால் நரம்பு பலவீனம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட வியாதி ஒன்று இருக்கிறவர்களுக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது.

பெரிய அடி இரண்டாவது வருடம் விழுந்தது. அவள் தொடையில் படர்தாமரை. கீமோ போடும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு மணி நேரம் ஆகுமே என்று பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினேன். கீமோ போகிறது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வின்கிரிஸ்டின் முறை, போட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். அடுத்த மூன்று நாளில் வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. வெளியே போகவில்லை, வாந்தி நிற்கவில்லை. மதுரையில் அட்மிட் செய்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களாம்மா?" பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் ஒரு நிமிடம் பேசவில்லை.

பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் எல்லாம் கல்லீரலில் வின்கிரிஸ்டின் கரைவதைத் தடுத்துவிடுகின்றன. போட்ட அளவு அதேதான், உடம்பு தாங்கியது பல மடங்கு. ஆறு நாள் டிரிப்பில் கிடந்து பிழைத்தாள். அன்றைக்கு அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "பூஞ்சை மாத்திரை எதுவானாலும் கீமோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது." மஞ்சள் காமாலை வந்தாலும் அதே கதைதான், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதியே ஆக வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு முதுகுத் தண்டிலும் ஒரு ஊசி போடுவார்கள், அது வேறு மருந்து. வின்கிரிஸ்டின் ரத்தக் குழாயில் மட்டும்தான் போக வேண்டும். தவறி முதுகில் போய்விட்டால் அநேகமாக உயிர் தங்காது. 2001-இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 18 வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் இறந்தான். 2007-இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது: சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்ன சலைன் பையில் கலந்து டிரிப்பாக ஏற்றுங்கள் என்று. பையாக இருந்தால் முதுகில் போடக் கை போகாது. எங்கள் ஆஸ்பத்திரியில் பையில்தான் ஏற்றினார்கள், முதுகு ஊசிக்கு வேறு அறை. உங்கள் பிள்ளைக்கு ஏற்றுவதற்கு முன்னால், "சிஸ்டர், இது ரத்தக் குழாய்ல போறதுதானே, பேர் வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். யாரும் கோபப்படவில்லை என்னிடம். ஒரு சிஸ்டர் பிறகு நான் கேட்கும் முன்பே லேபிளைத் திருப்பிக் காட்டுவார்.

ஏறுவதற்குப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் கையிலேயே கண் இருக்கட்டும். மருந்து குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோல், சதை எல்லாம் வெந்து புண்ணாகும். ஆறாவது டோஸில் "யம்மா, எரியுது" என்றாள். சிஸ்டர் ஓடி வந்து நிறுத்திவிட்டார், உள்ளே மிச்சம் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். சிவப்பு நிறத்தில் இருக்கும் வேறு கீமோ மருந்து கசிந்தால் ஐஸ் வைப்பார்கள், இதற்குச் சூடு. மாற்றி வைத்துவிடக் கூடாது.

விலை? நாங்கள் வெளியில் வாங்க நேர்ந்த இரண்டு தடவையும் ஒரு குப்பி நூறு ரூபாய்க்குள்தான். மற்றதெல்லாம் காப்பீட்டு அட்டையில் போயிற்று. அப்பாவின் நிலத்தில் சாக்கு சாக்காக நான் மிதித்த இலையை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

இத்தனையும் பட்ட பிறகும், இந்த மருந்து போடலாமா என்று ஒரு அம்மா என்னைக் கேட்டால், போடுங்கள் என்றுதான் சொல்வேன். வலிக்கும் என்று பயந்து டோஸைத் தள்ளிப்போட்ட ஒரு குடும்பத்தை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை.

ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டர் அவளைக் குதிகாலால் நடக்கச் சொல்வார். முதல் வருடம் இரண்டு அடி வைத்துவிட்டு என் மேல் சாய்வாள். போன மாதம் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். வலது பாதம் இன்னும் கொஞ்சம் தாழ்கிறது.