ஹட்டன் மழையில் ஒரு ஹரிக்கேன்: மாதிரி விமானத்துக்கான வர்ணங்களும் டெக்கல்களும்

பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுபவருக்குக் கிட் கிடைப்பது அவ்வளவு சிரமமில்லை. கொழும்புக்குப் போய்வரும் அண்ணனோ வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பூச வேண்டிய வர்ணம், இறக்கையில் ஒட்ட வேண்டிய டெக்கல் (நீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய சின்னப் படலம்), அந்த டெக்கலைப் படியவைக்கும் திரவம் ஆகியவைதாம் ஹட்டன் போன்ற ஊரில் இருப்பவரை அலையவைக்கின்றன. எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவிலான (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர் விமானமான ஹோக்கர் ஹரிக்கேன் ஒன்றைக் கடந்த மழைக்காலம் முழுவதும் கட்டி முடித்த பிறகு, நான் பயன்படுத்திய பொருட்களைப் பற்றி, அதிலும் எங்கள் மலைநாட்டு ஈரத்தில் அவை எப்படி நடந்துகொண்டன என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஹரிக்கேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து சென்று எதிர்த்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்களே. நம் வானத்தில் பறந்த ஒன்று மேசையில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் வர்ணம். மூன்று வகைகளைப் பூசிப் பார்த்தேன். ஹம்ப்ரோல் எனாமல் 14 மில்லிலீற்றர் கொண்ட சிறு தகர டப்பாவில் வருகிறது. டார்க் எர்த் என்னும் மண்ணிறத்துக்கு 29, டார்க் கிரீன் என்னும் கரும்பச்சைக்கு 30 என்று இலக்கத்தைச் சொல்லியே கேட்கலாம். தூரிகையால் பூசுபவருக்கு இதைப் போல இணங்கிப் போகும் வர்ணம் வேறில்லை. இழுத்த கோடுகள் தாமாகவே கலந்து சமமாகிவிடும். ஆனால் நாலாயிரம் அடிக்கு மேலுள்ள ஹட்டனில், ஜூன் மாதத்துக் குளிரில், ஓர் இரவில் காய வேண்டிய பூச்சு மூன்றாம் நாளும் விரலில் ஒட்டியது. டப்பாவின் விளிம்பில் படிந்த வர்ணத்தைத் துணியால் துடைக்காமல் மூடினால் மூடி சரியாக அமராது. அடுத்த முறை திறக்கும்போது பாலாடை போல மேலே தோல் கட்டியிருக்கும். இப்படி ஒரு டப்பாவை முழுதாக இழந்த பிறகே துடைக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

தாமியா அக்ரிலிக் 10 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் கிடைக்கிறது. காற்றழுத்தத்தால் வர்ணத்தைத் தூவும் எயார்பிரஷ் வைத்திருப்பவருக்கு இது அருமையான வர்ணம். பிரித்தானிய அரச விமானப் படையின் பச்சைக்கென்றே எக்ஸ்எஃப்-81 என்று ஒரு நிறம் உண்டு. தூரிகைக்கு மட்டும் இது அவ்வளவாக ஒத்துவராது. இதிலுள்ள அல்ககோல் கீழே காய்ந்த பூச்சை மீண்டும் கரைப்பதால், இரண்டாம் முறை பூசும்போது முதற்பூச்சு உரிந்து தூரிகையோடு வந்துவிடுகிறது. எயார்பிரஷ் பயன்படுத்துபவர்களும் மலைநாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொம்பிரஷர் உறிஞ்சும் காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகச் சேர்ந்து, வர்ணத்தோடு ஒரு துளியாக இறக்கையில் விழும். ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி இல்லாமல் மே முதல் செப்டெம்பர் வரை வேலை செய்யவே கூடாது.

என் கணிப்பில் எங்கள் ஊருக்கு மிகவும் ஏற்றது வயேஹோ மொடல் கலர். என்னிடமுள்ள போத்தல்கள் 17 மில்லிலீற்றர். கண்மருந்துப் போத்தலைப் போலச் சொட்டுச் சொட்டாக விடலாம் என்பதால் வர்ணம் வீணாவதில்லை, மூடியும் ஒட்டிக்கொள்வதில்லை. தண்ணீரில் கரைவதால் வீட்டில் தின்னர் மணம் இல்லை; ஒரே அறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல. மழை நாளிலும் அரை மணித்தியாலத்துக்குள் அடுத்த பூச்சைப் பூச முடிந்தது. குறையும் உண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் இது பிடிப்பதில்லை. பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசாமல், அடுத்த நிறம் படக்கூடாத இடத்தை மறைக்க அவசரப்பட்டு மாஸ்கிங் டேப் ஒட்டினேன்; டேப்பை எடுத்தபோது இடப்பக்க இறக்கையின் பச்சை முழுவதும் ஒரு தாளைப் போல அதனுடனேயே எழுந்து வந்தது.

வர்ணத்தை வரவழைப்பது தனிக் கதை. எனாமல், லாக்கர், தின்னர் ஆகியவை தீப்பற்றும் பொருட்கள் என்பதால் விமானத் தபாலில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே தண்ணீரில் கரையும் வர்ணத்தை நம்புவதே தூரத்திலிருந்து வரவழைப்பவருக்குப் பாதுகாப்பு. இணையத்தில் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய ஆறு போத்தல்களில் இரண்டு மூடி தளர்ந்து கசிந்து வந்தன. படம் அனுப்பியும் பதில் இல்லை. 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இல் ரூபாய் அடைந்த வீழ்ச்சியும் ஒவ்வொரு போத்தலின் விலையையும் ஏற்றிவிட்ட நிலையில், இரண்டு போத்தல் வர்ணம் வீணாவது மனதை உறுத்துகிறது.

பளபளப்பான மேற்பூச்சில்தான் ஈரம் என்னை அதிகம் சோதித்தது. வாகன வர்ணம் விற்கும் கடையில் வாங்கிய லாக்கர் ஸ்பிரேயை ஜூலை மாத மாலையொன்றில் அடித்தேன். கண் முன்னே இறக்கை வெளுத்தது, குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டது போல. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் எட்டிப் பார்த்த ஒரு முற்பகலில் மெல்லிய பூச்சொன்றை மீண்டும் அடித்தபோது வெண்மை பெரும்பாலும் மறைந்தது. அந்த ஸ்பிரேயைத் தடிப்பாக அடித்தால் பிளாஸ்டிக்கே இளகிவிடும் என்பதையும் ஒரு பழைய வாற்பகுதியில் பரீட்சித்து அறிந்துகொண்டேன். மாதிரிகளுக்கென்று வரும் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷை வாங்குவதே மேல்.

டெக்கலுக்கு இந்தப் பளபளப்பு அவசியம். மங்கலான வர்ணம் நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. அதன்மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, படலம் வெள்ளியாக மின்னும். மைக்ரோ செட், மைக்ரோ சோல் என்னும் இரு திரவங்களுக்குக் கொடுத்த பணம் இந்த முழு வேலையிலும் மிகச் சரியாகச் செலவான பணம். மைக்ரோ செட்டைத் தடவி, வெதுவெதுப்பான நீரில் ஊறிய டெக்கலை அதன்மேல் நகர்த்திப் பொருத்தி, பஞ்சுக் குச்சியால் நீரை ஒற்றியெடுத்த பின் மைக்ரோ சோலைப் பூச வேண்டும். சற்று நேரத்தில் டெக்கல் சுருங்கிக் கெட்டுப்போனது போலத் தெரியும். பதறிக் கை வைக்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது வட்டச் சின்னம் இறக்கையின் கோடுகளுக்குள் இறங்கி, வர்ணத்தால் வரைந்தது போல அமர்ந்திருந்தது. மைக்ரோ செட் கிடைக்காதபோது சமையலறை வினாகிரியைச் சிறிது நீரில் கலந்து முயன்றேன். தட்டையான இடங்களில் ஓரளவு பயன் தருகிறது, வளைவுகளில் போதாது.

டெக்கல் தாளை ஈரம் அழித்துவிடும். நான் முன்பு ஒரு கடையில் வாங்கிய பழைய கிட்டின் டெக்கல், நீரில் இட்டதும் பத்துத் துண்டுகளாக உடைந்தது. அதன் பிறகு, தேவையில்லாத ஓர் எழுத்தை முதலில் நனைத்துப் பார்க்காமல் எதையும் வெட்டுவதில்லை. மஞ்சளித்த தாளைச் சில நாட்கள் யன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டினால் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் அந்த வெயிலுக்குப் பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான், தூள் அடைக்கும் பையின் அலுமினிய உட்தாளில் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை வைத்து அதில் சுற்றிய டெக்கல்கள் மழைக்காலம் முடிந்தும் வெள்ளையாகவே இருக்கின்றன.

மற்றவற்றுக்கு ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. 11ஆம் இலக்க சத்திரசிகிச்சை பிளேடும் அது பொருந்தும் 3ஆம் இலக்கக் கைபிடியும், வர்ணம் அளக்க ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சும் பாமசியில் கிடைக்கின்றன. 600 முதல் 2000 வரையான நீர் மண்கடதாசி ஹாட்வெயார் கடையில் கிடைக்கிறது. சுப்பர் குளூவை மட்டும் விமானியறைக் கண்ணாடியின் அருகே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியைப் புகைபடியச் செய்யும். புத்தகம் கட்டும் வெள்ளைப் பசை அங்கே போதும். நல்ல தூரிகைக்கு மாத்திரம் நான் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறினேன். அங்குள்ள ஓவியப் பொருட்கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரை முன்னே வைத்து, ஒவ்வொரு தூரிகையையும் நனைத்து முனை கூடுகிறதா என்று பார்த்து எடுக்கச் சொன்னார். எட்டைத் தள்ளிவிட்டு ஒன்பதாவதை எடுத்தேன். விமானியறைச் சட்டத்தின் கோடுகள் அனைத்தையும் அந்தப் பூச்சிய இலக்கத் தூரிகையே வரைந்தது.