நாகமரைக் கரையில் ஓர் அலுமினியப் படகு: நாலு வருடம் ஓட்டிய அனுபவம்

பரிசலை விட்டு அலுமினியப் படகுக்கு மாறலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: படகைக் கரையில் இழுக்க உங்களோடு தினமும் எத்தனை பேர் வருவார்கள்? 2021 பங்குனியில் நாங்கள் வாங்கப் போனபோது எங்களை இப்படிக் கேட்க ஆளில்லை. எல்லாரையும் போல நீளம், அகலம், விலை என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூர் தாண்டி நாகமரைப் பக்கம். எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. நடுவில் கிடப்பது மேட்டூர் அணைத் தண்ணீர். மீன்பிடி உரிமம் சித்தப்பா பெயரில் இருக்கிறது. சாயங்காலம் வலை விடவும் விடிகாலையில் எடுக்கவும் நான் கூடப் போவேன். அவர் அதுவரை பரிசலைத் தவிர எதிலும் ஏறித் தொழில் செய்ததில்லை. படகு வந்து இறங்கிய அன்று விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "என்னடா, சோறாக்குற சட்டியைக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சட்டிதான்.

இந்தத் தண்ணீரின் குணம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அணையின் முழு அளவு 120 அடி. நிறைந்திருக்கும்போது வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் படகில் ஏறிவிடலாம். இறங்க ஆரம்பித்தால், சரிவான கரை என்பதால், தண்ணீர் எங்கேயோ போய்விடும். அது விட்டுப் போன இடத்தில் சோளமோ கம்போ விதைத்துவிடுவார்கள். இன்றைக்குப் படகு கட்டிய முளை நாளைக்குச் சேற்றில் நிற்கும், அடுத்த வாரம் காய்ந்த மண்ணில் நிற்கும். 2023 அக்டோபரில் 30 அடி அளவுக்கு இறங்கிய அணைதான் 2024 ஜூலை கடைசியில் 120 அடியைத் தொட்டது. பரிசலாக இருந்தால் ஓர் ஆள் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போய்விடுவார். சட்டியை அப்படித் தூக்க முடியாது.

முதலில் பார்த்தது, தகடுகளை ரிவெட் என்ற ஆணியால் சேர்த்து அடித்த 14 அடிப் பழைய படகு. விற்றவர் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று சத்தியம் பண்ணினார். படகைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அடியில் குனிந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஏழெட்டு ரிவெட்டைச் சுற்றி நெற்றி வியர்வை மாதிரிப் பூத்துக்கொண்டு வந்தது. பழைய படகு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மிதக்கவிட்டுப் பார்ப்பதைவிட இது நம்பகம். கசிவு எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டிவிடும். ரிவெட் படகே மோசம் என்று சொல்ல மாட்டேன். எடை குறைவு, தளர்ந்த ரிவெட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கரையில் தினமும் இழுபட்டு நெளியும் படகுக்கு அது ஒத்துவராது.

அப்புறம் ஓசூரில் தகடு வேலை செய்யும் ஒரு பட்டறையில் சொல்லிப் புதிதாகச் செய்தோம். நீளம் 12 அடி, அடியில் 4 அடி அகலம், பக்கங்கள் ஒன்றரை அடி உயரம், தட்டையான அடி, முழுக்க ஆர்கான் வாயு விட்டுச் செய்கிற வெல்டிங். 58,000 ரூபாய் ஆயிற்று. அந்தக் காசுக்கு மூன்று பரிசல் வாங்கியிருக்கலாம் என்று சித்தப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தகடு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பெட்டிக்கும் கூரைக்கும் போடுகிற சாதா அலுமினியம் மெத்தென்று இருக்கும், ஒரு கல்லில் மோதினால் குழிந்துவிடும். படகுக்கு மெக்னீசியம் கலந்த 5052 அல்லது 5083 தகடு வேண்டும். கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது, அதனால் அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எடையை நாமே கணக்குப் போட்டுவிடலாம். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 5.4 கிலோ. எங்கள் படகின் அடியும் இரண்டு பக்கமும் விரித்தால் கிட்டத்தட்ட 8 சதுர மீட்டர், அதாவது 42 கிலோ. முன் பின் பலகை, இருக்கை, குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து 65 கிலோ பக்கம் வந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்தால் தூக்கலாம், மூச்சு வாங்கும். 14 அடி எடுத்திருந்தால் பக்கத்துப் பரிசல்காரர்களைத் தினம் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். அதிலும் விடிகாலை நாலரை மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

தட்டை அடியா, கூர் அடியா என்று நிறைய யோசித்தோம். கூர் அடி அலையை அறுத்துக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் அகலத் தண்ணீரில் மாட்டிக்கொண்டபோதெல்லாம் அதை நினைத்து ஏங்கியிருக்கிறேன். தட்டை அடி அலை மேல் தப்தப்பென்று அறையும், முதுகெலும்பு வரை அதிரும். ஆனால் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத ஓரத்தில் வலை போட, சேற்றில் வழுக்கிக்கொண்டு கரையேற, எழுந்து நின்று வலை இழுக்கத் தட்டை அடிதான் சரி. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று பாருங்கள், அந்தப் பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று. எங்களுக்கு நாலு விரல் தாழ்ந்தது, போதும் என்று விட்டுவிட்டோம்.

முதல் வாரத்திலேயே ஒரு நஷ்டம். பரிசலில் மூங்கில் விளிம்பின் மேல் வழவழவென்று போகும் நரம்பு வலை, சட்டியில் ஏறியதும் எல்லா இடத்திலும் மாட்டியது. தகட்டின் வெட்டு முனை, மூலையில் உருண்டிருந்த வெல்டிங் பொட்டு, கயிறு கட்டும் கொக்கி, ஒன்று விடாமல். ஒரே காலையில் புது வலையில் கை நுழைகிற மாதிரி மூன்று ஓட்டை. அன்று ஜிலேபி மீன் எவ்வளவு கிடைத்தது என்று ஞாபகமில்லை, சித்தப்பாவின் முகம் ஞாபகம் இருக்கிறது. அரத்தை எடுத்து ஒவ்வொரு பொட்டாகத் தேய்த்தோம். பிறகு தோட்டத்துப் பழைய ஓஸ் பைப்பை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டி, துளை போட்டு நைலான் கயிற்றால் தைத்தோம். வலை கிழிவது நின்றதோடு, துடுப்பு விளிம்பில் இடிக்கிற 'டங்' சத்தமும் நின்றது. அலுமினியத்தில் ஒரு சின்ன இடி விழுந்தாலும் தண்ணீருக்குள் தூரம் வரை கேட்கும். ஓரத்தில் மேயும் மீன் ஓடிவிடும்.

துரு பிடிக்காது, பெயிண்ட் வேண்டாம், வருடா வருடம் தார் பூச வேண்டாம் என்று சொல்லித்தான் சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். துருவேறவில்லை, உண்மைதான். ஆனால் அலுமினியத்துக்கு வேறு விதமான சீக்கு உண்டு. மதிய வெயிலில் இருக்கையில் உட்கார முடியாது, தோசைக்கல்தான். அதற்காக ஈரச் சாக்கை விரித்தோம். சாக்கு மாதக்கணக்கில் அங்கேயே மடிந்து கிடந்தது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது, துடைத்தால் குண்டூசி முனை அளவுக் குழிகள். காற்றுப் படாத ஈரம் ஒரே இடத்தில் தங்கினால் தகட்டைக் காக்கும் மேல்படலம் அங்கே செத்துவிடுகிறது. கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பு மூட்டை ஒரு தடவை உள்ளே கசிந்ததில் இன்னும் மோசம். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தோன்றவில்லை. இப்போது வாரம் ஒருமுறை படகைக் கவிழ்த்துக் கழுவிக் காயவைக்கிறோம்.

இருக்கையைப் பட்டறையில் சாதா இரும்பு போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். அது அவர்கள் செய்த தப்பு, பார்த்தும் சும்மா இருந்தது என் தப்பு. இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். ஒன்றரை வருடத்தில் துளைகள் அகன்று இருக்கை ஆட ஆரம்பித்தது. எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கு மாற்றி, நடுவில் ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் குழலும் வைத்துத் தகட்டைத் தொடாமல் பிரித்துவிட்டேன். செம்புக் கம்பித் துண்டும் பித்தளைச் சாமானும் படகுக்குள் கிடக்கவே கூடாது.

2023-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் வற்ற வற்ற, 1934-இல் அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரெல்லாம் மேலே வரும். பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தெரிந்தது, பழைய தேவாலயக் கோபுரம் தெரிந்தது, பார்க்கக் கூட்டம் வந்தது. எங்களுக்கு அது திருவிழா அல்ல. தெரிகிற நந்தியால் ஆபத்தில்லை. ஒரு முழம் தண்ணீருக்கு அடியில் தெரியாமல் நிற்கிற கல்லும் மர முண்டும்தான் ஆபத்து. ஒரு விடிகாலை 'கிரீச்' என்று ஏதோ அடியில் உரசியது. ஐந்து நிமிடம் கழித்துப் பாதம் நனைந்தது. வெல்டிங் கோட்டை ஒட்டியே, ஆனால் கோட்டில் இல்லாமல், ஒரு சாண் நீளம் மயிரிழை விரிசல். வெல்டிங் சூட்டில் பக்கத்துத் தகடு மெத்தாகிவிடும், உடைந்தால் அங்கேதான் உடையும் என்று பிறகு பட்டறைக்காரர் சொன்னார். சித்தப்பா தூக்குவாளியால் அள்ளி அள்ளி ஊற்ற, நான் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம்.

எம்-சீல் பசையை வைத்து அடைத்து ஒரு வாரம் ஓட்டினோம். உள்ளூர் வெல்டிங் கடையில் இதைத் தொட மாட்டார்கள், ஆர்கான் வேண்டும். டாடா ஏஸில் ஏற்றி மறுபடி ஓசூர். அங்கே போனதும் முதல் கேள்வி, இருக்கைக்குள் என்ன இருக்கிறது? மிதப்புக்காகப் போம் என்கிற நுரைப்பஞ்சை அடைத்திருந்தார்கள். பக்கத்தில் பற்றவைத்தால் அது புகைந்து விஷப் புகை வரும் என்று முழுக்கத் தோண்டி எடுத்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தார்கள். கிழிந்த இடத்தைக் காயவைத்து, எண்ணெய் போகத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே அரை நாள் போயிற்று.

போமுக்குப் பதில் இப்போது மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன் ஐந்து, இருக்கைகளுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம். 65 கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் 41 கிலோ கனம்தான் காட்டும். 100 லிட்டர் காற்று அதைத் தாங்கி, நாங்கள் இரண்டு பேர் பிடித்துத் தொங்கவும் மிச்சம் வைக்கும். பட்டறைக்குப் போனால் அவிழ்த்துவிடலாம்.

இன்னொரு தடவை செய்தால் அடித்தகட்டை மட்டும் 3 மில்லிமீட்டர் கேட்பேன். எடை 12 கிலோதான் கூடும். சரளை மேல் இழுத்து இழுத்து நடு அடி பளபளவென்று தேய்ந்துவிட்டது. இப்போது நீளவாக்கில் மூன்று தேய்மானப் பட்டை வைத்து வெல்டிங் செய்திருக்கிறோம். தேய்கிறது பட்டை, தகடு தப்பிக்கிறது.

பேட்டரி மோட்டார் ஒன்றை ஆறு மாதம் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் நல்ல மோட்டார். 100 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தினம் சேற்றில் சுமந்துகொண்டு போக என் தோள் ஒத்துழைக்கவில்லை. விற்றுவிட்டேன்.

ஆற்றுக்கு? ஒகேனக்கல் மாதிரிப் பாறையும் சுழலும் இருக்கிற இடத்துக்குச் சட்டியைக் கொண்டுபோகவே மாட்டேன். பாறையில் மோதினால் மூங்கில் வளைந்து கொடுக்கும், தகடு கொடுக்காது. மேலே காவிரி வரத்தை அளக்கிற பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் கேட்டால் சித்தப்பா செய்கிற முதல் வேலை, சட்டியை இன்னும் மேலே இழுத்துக் கட்டுவது. 2024 ஆடியில் தண்ணீர் ஏறிய வேகத்தில் ஒரே நாளில் இரண்டு தடவை முளை மாற்றினோம்.

போன மாதம் ஒட்டனூரிலிருந்து மச்சான் ஒருவன் வந்தான். 14 அடி, கூர் அடி, முன்னால் குடை என்று தாளில் படமே போட்டுக் கொண்டுவந்திருந்தான். நான் ஒன்றும் பேசவில்லை. வலை எடுத்து வந்த சட்டியைக் கரையேற்றலாம், ஒரு முனையைப் பிடி என்றேன். பாதி தூரத்தில் சேற்றில் செருப்பு போயிற்று, அவனும் உட்கார்ந்துவிட்டான். மேலே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டான். 14-ஐ அடித்து 11 என்று எழுதினான், குடையையும் அடித்தான்.