ஒரு லிட்டர் மின்சாரக் குக்கர்: 11 மாதம் கஞ்சி வைத்த பிறகு

நான் குழித்துறைக்காரி, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறேன். முதல் குளிர்காலத்தை ரொட்டியிலும் பீட்சாவிலுமே ஓட்டினேன். டிசம்பரில் அங்கே காலை 8 மணிக்குத்தான் விடியும், மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வயிறு கல்லாகக் கிடந்தது, மாடிப்படி ஏறினால் கால் வலித்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் டி குறைவு என்று மாத்திரை எழுதினார். என்ன சாப்பிடுகிறாய் என்றும் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

லீவில் ஊருக்கு வந்தபோது மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக் கடையில் அம்மா இந்தக் குக்கரை 1,850 ரூபாய்க்கு வாங்கித் தந்தாள்.

பச்சரிசி 20 நிமிடத்தில் வெந்துவிடும். சிவப்புச் சம்பா அரிசிதான் இதற்குச் சோதனை. ஊறப்போடாமல் வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். நுரை மூடி ஓட்டை வழியாகப் பொங்கி மேசையெல்லாம் வழியும். இரவே ஊறப்போட்டு, பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, மூடிக்கு அடியில் மரக்கரண்டிக் காம்பைச் செருகி வையுங்கள். 45 நிமிடத்தில் வீட்டுக் கஞ்சி மாதிரியே குழைந்து வரும். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால்தான் சுவிட்ச் தானாக எழும்பும். கஞ்சியில் தண்ணீர் வற்றாது, நாமேதான் அணைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கஞ்சியும் சிறுபயறும் முன்னால் இருந்தால், "மக்களே, வல்லதும் தின்னியா?" என்று அம்மா போனில் கேட்கும்போது பொய் சொல்ல வேண்டியதில்லை.

"அங்க அப்படியே குத்தலாம்" என்றார் கடைக்காரர். அது தவறு. ஜெர்மனியிலும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. எர்த் உள்ள அடாப்டர் வேண்டும். அமெரிக்கா போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், 120 வோல்ட்டில் இது சரியாகச் சூடேறாது.

பெரிய குறை உள்பாத்திரம். மரக்கரண்டி தவிர வேறெதுவும் படாமல் பார்த்துக்கொண்டும் எட்டாம் மாதமே அடியில் பூச்சு உரிந்தது. சாப்பாட்டோடு அது வயிற்றுக்குள் போகுமோ என்று கவலையாக இருக்கிறது. அதனால் ஐந்துக்கு மூன்றரைதான் கொடுப்பேன்.

பெட்டியில் இடம் மிச்சமிருந்தாலும் நெய், பால்கோவா வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள். தேன் 2 கிலோ வரை கொண்டுபோகலாம், நம்ம மார்த்தாண்டம் தேன் ஒரு குப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்பாத்திரம் தனியாகக் கிடைக்குமாம். நாளை அந்த மார்த்தாண்டம் கடைக்குப் போய்ப் பூச்சில்லாத ஸ்டீல் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.