டே லில்லியா, ஹேசல்நட்டா?

தோட்டத்தில் எதை நடுவது? டே லில்லி என்ற பூச்செடி அவசரக்காரர்களுக்கு. பெரும்பாலும் நட்ட அடுத்த வருஷமே பூத்துவிடும். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள்தான். ஆனால் தண்டில் மொட்டுகள் வரிசை கட்டி நிற்பதால் வாரக்கணக்கில் பூ இருக்கும். பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம், பூனைக்கு இது விஷம்.

ஹேசல்நட் என்ற கொட்டை மரம் காய்க்க 3 முதல் 5 வருஷம் ஆகும். குளிர்காலமும் கட்டாயம் வேண்டும். இலை உதிர்ந்த கிளையில் ஆண் பூக்கள் மஞ்சள் வால் மாதிரி தொங்கும். பெண் பூவோ மொட்டு நுனியில் சில சிவப்பு இழைகள், அவ்வளவுதான். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு மரத்தில் பிடித்ததே அதுதான்! மகரந்தம் காற்றில் வரும், அதுவும் ஒத்துப்போகும் வேறு ரகத்திலிருந்து வர வேண்டும். ஆக, இரண்டு மரத்துக்கு இடம் இல்லையென்றால் லில்லியே சரி. இடம் இருந்தால் ஹேசல்நட். அப்புறம் அணில்களோடு உங்கள் பாடு.