முதல் ஸ்பீக்கர் ஜோடி: கையில் கொஞ்சம் காசு இருந்தால் எதை வாங்கலாம், எதை விடலாம்

குறைந்த செலவில் ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தானே செய்யப் பார்ப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவர் வேண்டாத முழு அலைவரிசை டிரைவர் (எல்லா ஒலியையும் தானே எழுப்பும் கூம்புப் பாகம்) இரண்டு வாங்கிப் பெட்டி கட்டுவது ஒன்று. தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர், ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு என்று தனித்தனியே வாங்கி இணைப்பது இன்னொன்று. மூன்றாவது, ஒரு வடிவமைப்பாளர் அளந்து, திருத்தி, மதிப்புகளை முடிவு செய்து தரும் கிட். மூன்றையும் ஒரே தராசில் வைத்தால், முதல் முயற்சிக்கு நான்கு அங்குல முழு அலைவரிசை டிரைவரே முந்துகிறது. கிட் நல்ல தேர்வுதான், ஆனால் செலவு ஒரு படி கூடும். நடுவில் உள்ள ரெடிமேட் போர்டு வழியைத் தவிர்த்துவிடலாம்.

ரெடிமேட் போர்டு ஏன் வேண்டாம்? அதன் மேல் '3 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம்' என்று அச்சடித்திருப்பார்கள். எந்த அலைவரிசையிலும் 8 ஓமாகவே நிற்கும் ஒரு மின்தடைக்குப் போட்ட கணக்கு அது. வூஃபர் அப்படி நிற்காது. கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான அதன் வாய்ஸ் காயில், தானே ஒரு இண்டக்டர்தான்; அலைவரிசை உயர உயர அதன் தடையும் கூடும். 6.5 ஓம் டி.சி. தடையும் 0.8 மில்லிஹென்றி இண்டக்டன்ஸும் உள்ள வூஃபர், 3 கிலோஹெர்ட்ஸில் ஏட்டுக்கணக்குப்படி 16 ஓமை ஒட்டிப் போய்விடும். போர்டில் உள்ள ஃபில்டர் அங்கே ஒலியைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு மேட்டை உண்டாக்குகிறது. பாடகரின் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலக் கேட்பதற்குப் பெரும்பாலும் இந்த மேடுதான் காரணம்.

அடுத்த சிக்கல் ஒலி அளவு. மலிவு ட்வீட்டரின் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் ஒலி) 91 டெசிபெல், வூஃபருடையது 86 என்று இருப்பது சாதாரணம். அந்த 5 டெசிபெல்லைச் சரிக்கட்ட போர்டில் எதுவும் இருக்காது. பாட்டில் ஜால்ரா ஒலித்தால் காதில் ஊசி குத்தும். இந்தப் போர்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ட்வீட்டருக்குப் போகும் வழியில் 3.5 ஓமைத் தொடராகவும், ட்வீட்டருக்கு இணையாக 10 ஓமையும் போட்டால் அந்த 5 டெசிபெல் இறங்கும். இரண்டும் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர்களாக இருக்கட்டும். பிறகு ட்வீட்டரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எப்படி இணைத்தால் குரல் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். முழுத் தீர்வு இது இல்லை, கேட்கும்படியாவது ஆகும்.

கிட் பற்றிச் சுருக்கமாக. அளந்து எடுத்த அலைவரிசை வரைபடத்தை வெளியிடும் கிட்டை மட்டும் நம்பலாம். அதில் சொன்ன டிரைவருக்குப் பதிலாக அதே அங்குலத்தில் வேறொன்றைப் போட்டால் கிராஸ்ஓவர் முழுவதும் அர்த்தமற்றுப் போகும். பெட்டியின் முன்பலகை அகலத்தையும், டிரைவர்கள் உட்காரும் இடத்தையும் மாற்றக் கூடாது. கொள்ளளவு மாறாத வரை ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கிராஸ்ஓவரை அடுக்கும்போது இண்டக்டர்களைத் தள்ளி வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிப் பொருத்துங்கள். பக்கத்தில் ஒரே திசையில் வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும்.

இனி முழு அலைவரிசை டிரைவர். இதன் பெரிய பலம், குரலின் பரப்பு முழுவதும் ஒரே கூம்பிலிருந்து வருவது. இரண்டு டிரைவரை ஒட்டவைக்கும் தலைவலியே இல்லை. குறைகளையும் சொல்லியாக வேண்டும்: அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ் வராது, பெரிய கூடத்தை நிரப்பாது, உச்ச ஒலிகள் குறுகலான கற்றையாக நேரே பாயும். கேட்பவர் பக்கம் பெட்டியைத் திருப்பி வைத்தால் கடைசிக் குறை பாதி தீரும்.

வாங்கும்போது காந்தத்தின் எடையையும் '200 வாட்' ஸ்டிக்கரையும் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: எஃப்.எஸ். (டிரைவர் இயல்பாக அதிரும் அலைவரிசை), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு), வி.ஏ.எஸ். (கூம்பின் பிடிமானத்துக்கு ஈடான நெகிழ்வுள்ள காற்றின் கொள்ளளவு). நெவில் தீல் 1961-லும் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வகுத்துத் தந்த இந்த அளவுகள் இல்லாமல் பெட்டியின் கொள்ளளவை யாராலும் கணிக்க முடியாது. அவற்றைத் தராத டிரைவர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாட் குறித்தும் கவலை வேண்டியதில்லை. 86 டெசிபெல் டிரைவருக்கு 10 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96 டெசிபெல். ஒரு சிறிய அறைக்கு அது தாராளம்.

எடுத்துக்காட்டாக, எஃப்.எஸ். 75 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 4 லிட்டர் உள்ள 8 ஓம் டிரைவர். மூடிய பெட்டி என்றால் 2.7 லிட்டர் போதும், ஆனால் பேஸ் 118 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும். போர்ட் (பேஸுக்குத் துணை நிற்கும் காற்றுக் குழாய்) வைத்த பெட்டி என்றால் 6 லிட்டர், 65 ஹெர்ட்ஸுக்கு டியூன். உட்பக்கம் 3.5 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயை, பலகையின் தடிமனையும் சேர்த்து 9 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் அந்த 65 கிடைக்கும். முதலில் 10 செ.மீ. வெட்டிக்கொண்டு பிறகு குறைப்பதே நல்லது. குறைத்த குழாய் வளராது. உங்கள் டிரைவரின் எண்கள் வேறாக இருந்தால் வின்.ஐ.எஸ்.டி. என்ற இலவச மென்பொருளில் இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகளை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது.

டிரைவரும் குழாயும் அடைக்கும் இடத்தையும் சேர்த்தால் பெட்டிக்குள் 6.4 லிட்டர் வேண்டும். உள் அளவு 14 × 16 × 28.5 செ.மீ. வைத்தால் அது வந்துவிடும். 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளையும் பிசினையும் அழுத்திச் செய்த) பலகையில் இரண்டு பெட்டிக்கு வெட்ட வேண்டியவை: முன், பின் பலகைகள் 16.4 × 30.9 அளவில் நான்கு, பக்கப் பலகைகள் 16 × 30.9 அளவில் நான்கு, மேல், கீழ்ப் பலகைகள் 14 × 16 அளவில் நான்கு. 60 × 120 செ.மீ. பலகை ஒன்றிலேயே எல்லாம் அடங்கும். பலகை விற்கும் இடத்திலேயே இயந்திரத்தில் வெட்டி வாங்குங்கள். கைரம்பத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் மூலையில் காற்று கசியும். தடித்த பலகை தேவையில்லை. இவ்வளவு சிறிய பெட்டிக்கு 12 மி.மீ. போதும், இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே ஒரு கட்டையைக் குறுக்கே ஒட்டினால் இன்னும் நல்லது.

ஒட்டுவதற்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையே போதும். இரண்டு முகத்திலும் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓர் இரவு விடவும். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் ஆணியோ ஸ்குரூவோ நேராக இறக்கினால் அது அடுக்கடுக்காகப் பிளக்கும். ஸ்குரூ போட்டே தீர வேண்டுமென்றால் முன்துளை அவசியம். டிரைவருக்கான வட்டத்தை அதன் அளவுத்தாளில் உள்ள விட்டப்படி வெட்டி, பலகையின் உள்விளிம்பை 45 பாகையில் சீவிவிடுங்கள். கூம்பின் பின்பக்கக் காற்று தாராளமாக வெளியேற அந்தச் சீவல் உதவும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூளில் மரமும் ஃபார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கும்.

உள்ளே தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை முன்பலகை தவிர மற்ற சுவர்களில் 2 அல்லது 3 செ.மீ. பரப்பினால் சரி. போர்ட் பெட்டியை மெத்தை போல அடைத்தால் போர்ட் வேலை செய்யாது. குழாயின் உள்வாயைச் சுற்றி குறைந்தது 4 செ.மீ. காலியாக இருக்கட்டும். டிரைவருக்கு அடியில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி மூடிய பின், போர்ட்டைக் கையால் அடைத்துக்கொண்டு கூம்பை விரல்நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெதுவாகத் திரும்பினால் கசிவு இல்லை. வெடுக்கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. வயர் இணைக்கும் முனைகள் உள்ள டெர்மினல் கப் உட்காரும் இடத்தை முதலில் சந்தேகியுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒரு பொருள்தான் இந்த ஸ்பீக்கரைக் கரைசேர்ப்பது. 16.4 செ.மீ. அகல முன்பலகையில் சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பலகையைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும், அதற்கு மேலே முன்னோக்கியே பாயும். அதனால் குரல் மெலிந்து, கூச்சலாகக் கேட்கும். டிரைவரின் நேர் வயரில் 1 மில்லிஹென்றி இண்டக்டரையும் 4.7 ஓம் 10 வாட் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, அந்தச் சோடியைத் தொடராகச் சேர்த்துவிட்டால் மேல்பகுதி சுமார் 4 டெசிபெல் தாழும். இண்டக்டரின் டி.சி. தடை 0.5 ஓமுக்குள் இருக்கட்டும். மெல்லிய கம்பியில் சுற்றியது பேஸைத் தின்றுவிடும். மொத்த உணர்திறன் குறையும்தான், ஆனால் 'சின்ன ஸ்பீக்கர்' என்ற எண்ணமே கேட்பவருக்கு வராது. கையிருப்பு எவ்வளவு குறைந்தாலும் இந்த இரண்டு பாகங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு டி.பி.ஏ.3116 சிப் உள்ள சிறிய போர்டைத் தயங்காமல் வாங்கலாம். 50 வாட் என்று போட்டிருப்பது 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 சதவீதச் சிதைவோடு வரும் கணக்கு. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும் 8 ஓம் ஸ்பீக்கரும் என்றால் சேனலுக்கு 20 வாட் அளவில் கிடைக்கும். 12 வோல்ட் என்றால் 9 வாட்டைத் தாண்டாது. ஒரு எச்சரிக்கை: இதன் வெளியீடு பிரிட்ஜ் முறை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் சிப்பே இயக்கும். இரண்டு ஸ்பீக்கரின் எதிர் முனைகளை ஒன்றாகச் சேர்க்கவோ, கிரவுண்டில் இணைக்கவோ கூடாது. சேர்த்தால் சிப்புக்கு ஆபத்து. பாட்டு இல்லாதபோது உஸ்ஸென்ற இரைச்சல் கேட்டால் போர்டின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கலாம். 20 டெசிபெல் அளவே வீட்டுக்குப் போதும்.

வயரிங் முடிந்ததும் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர் முனையைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் எதிர் முனையைக் கருப்பிலும் ஒரு நொடி தொடவும். இரண்டு பெட்டியிலும் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதன் வயர் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். பெட்டிகளுக்கு இடையே 2 மீட்டர், கேட்பவருக்கும் அதே தூரம், டிரைவர் காது உயரத்தில் என்று வைத்து, நன்கு தெரிந்த ஒரு பழைய மோனோ பாட்டைப் போடுங்கள். குரல் சரியாக நடுவில் நிற்க வேண்டும். சுவரை ஒட்டி வைக்கும் கட்டாயம் இருந்தால் சுவரே பேஸைக் கூட்டும், குரல் கனத்துப்போகும். அப்போது 4.7 ஓமை எடுத்துவிட்டு 3.3 ஓம், அதுவும் கனமாகத் தெரிந்தால் 2.2 ஓம்.