மால்டாவில் தனிச் சுற்றுலா: வழிகாட்டியா, காரா, பஸ்ஸா?

மத்தியதரைக் கடலின் தீவு நாடான மால்டாவுக்குப் போவது என்று முடிவெடுத்து இணையத்தில் தேடத் தொடங்கியதும் வந்து குவிபவை, "ஒரே நாளில் மால்டா முழுவதும், உங்கள் குடும்பத்துக்கு மட்டும்" என்கிற வகை விளம்பரங்கள்தான். விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு விடுதி வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். ஏசி கார், தண்ணீர் பாட்டில், கூடவே பேசிக்கொண்டு வர ஓர் ஆள். விலையைப் பார்த்ததும் கை தயங்கும். கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பணத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறீர்களா, வாய்க்குக் கொடுக்கிறீர்களா? அதாவது காருக்கா, விளக்கிச் சொல்லும் வழிகாட்டிக்கா?

பெரிய நாடுகளில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மால்டாவில் அது எளிது, லாபமும்கூட. பெரிய தீவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர். பரப்பு 246 சதுர கிலோமீட்டர். நாட்டில் ஓடும் வண்டிகளோ நான்கு லட்சத்துக்கும் மேல். காலை நெரிசலில் சொகுசுக் காரும் ஊர் பஸ்ஸும் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். நெரிசலில் நிற்பதற்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

தலைநகரிலிருந்தே தொடங்குவோம். 1565-இல் ஒட்டோமான் படையின் பெருமுற்றுகையைத் தாக்குப்பிடித்த மறு ஆண்டு, அப்போது மால்டாவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர் அமைப்பான செயின்ட் ஜான் வீரர் சபையின் தலைவர் ழான் தெ லா வலேத் அடிக்கல் நாட்டிய நகரம் வல்லெட்டா. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பல தெருக்கள் படிக்கட்டுகளாகவே இறங்குகின்றன. உள்ளே நுழையும் வண்டிகளைக் கேமரா வைத்துக் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். நீங்கள் எந்த வகைச் சுற்றுலாவை வாங்கினாலும் இங்கே நடந்துதான் ஆக வேண்டும். அந்த நேரம் முழுவதும் கார் வெளியே சும்மா நிற்கும். அதற்கும் கட்டணம் உங்கள் கணக்கில்தான்.

ஆனால் இதே வல்லெட்டாவில்தான் நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு முழுதாகத் திரும்பி வருகிறது. செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கோட்டைச் சுவர் போல மொட்டையான முகப்பு. உள்ளே கால் வைத்தால் பொன்னும் பளிங்கும் கண்ணை அடிக்கும். தரையே வீரர் சபையினரின் சுமார் நானூறு கல்லறைகளால் ஆனது. ஒவ்வொன்றும் பல நிறப் பளிங்கை வெட்டிப் பதித்த ஓவியம்: அரிவாள் ஏந்திய எலும்புக்கூடு, மணற்கடிகாரம், குடும்பச் சின்னம், லத்தீன் வரிகள். டிக்கெட்டோடு கிடைக்கும் ஒலிவழிகாட்டி உங்களைச் சிற்றாலயம் சிற்றாலயமாக நகர்த்திக்கொண்டு போகுமே தவிர, காலடியில் கிடக்கும் ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்து "இவர் எந்தப் போரில் இறந்தார் தெரியுமா, இந்த எலும்புக்கூடு ஏன் சிரிக்கிறது தெரியுமா" என்று கேட்காது. மனிதர் கேட்பார்.

பக்கத்து மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம்' தொங்குகிறது. 1608-இல் வரைந்தது, ஐந்து மீட்டருக்கும் அதிக அகலம். அவர் கையொப்பமிட்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஓவியம் இது. யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ஜூலையில் வீரர் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர், ஒரு கைகலப்பில் சிறைப்பட்டு, தப்பியோடி, டிசம்பரில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அந்த விலக்கல் சடங்கு நடந்தது இதே மண்டபத்தில், இதே ஓவியம் இருந்த இடத்தில். எங்கே நின்றால் கையொப்பம் தெரியும், எந்த நேரத்தில் கூட்டம் வடியும் என்பதெல்லாம் தினமும் வந்துபோகிறவருக்குத்தான் தெரியும்.

வழிகாட்டியின் தரத்தை உரசிப் பார்க்கவும் இந்த ஆலயமே போதும். ஒரு சிற்றாலயத்தின் வெள்ளிக் கதவுகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, 1798-இல் வந்த நெப்போலியனின் படையிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதைக் "கதையாகச் சொல்வார்கள்" என்று சொல்லித் தொடங்குபவர் நல்ல வழிகாட்டி. நேரில் பார்த்த மாதிரி சொல்பவரிடம் மற்ற விஷயங்களையும் கொஞ்சம் கழித்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மால்டாவில் வழிகாட்டியாகத் தொழில் செய்ய சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். பணியில் இருக்கும்போது அடையாள வில்லையை அணிந்திருக்க வேண்டும். "தனிச் சுற்றுலா" என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை உண்மையில் ஓட்டுநரோடு வரும் கார் மட்டுமே. ஓட்டுநர் நன்றாகப் பேசுவார், ஊர் நிலவரம் சொல்வார், எங்கே பாஸ்டிட்சி என்கிற உள்ளூர்ப் பலகாரம் சூடாகக் கிடைக்கும் என்று காட்டுவார். பேராலய வாசலோடு அவர் வேலை முடிந்துவிடும். ஓட்டுநரே உரிமம் பெற்ற வழிகாட்டியாக இருப்பதும் உண்டு. எது கிடைக்கிறது என்பதை முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுநரின் பேச்சே போதும் என்கிற இடங்களும் இருக்கின்றன. மொஸ்தா தேவாலயம் அப்படி. 1942 ஏப்ரல் 9 அன்று பூசைக்காகக் கூட்டம் கூடியிருந்தபோது ஜெர்மானியக் குண்டு ஒன்று குவிமாடத்தைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. அதே மாதிரியான ஒரு குண்டை அங்கே வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு வர அரைமணி நேரம் போதும்.

புதைபொருள் தலங்களுக்கு வந்தால் கணக்கு மறுபடி மாறுகிறது. ஹஜார் ஈம், இம்னைத்ரா இரண்டும் தெற்குக் கரையில் அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் பெருங்கற்கோயில்கள், எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவை. 2009 முதல் பெரிய கூடாரங்களின் கீழ் இருக்கின்றன. விவரம் தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் "கல்லாக இருக்கிறது" என்று திரும்பிவிடுவீர்கள். தெரிந்தவர் கூட வந்தால் முதலில் கல்லைப் பார்க்கச் சொல்வார். ஹஜார் ஈம் மிருதுவான சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. காற்றும் உப்பும் அரித்து ஏடு ஏடாக உரிந்து நிற்கிறது. சரிவில் இறங்கி இம்னைத்ராவுக்குப் போனால் வெளிச்சுவர் கடினமான பவளச் சுண்ணாம்புக்கல். விளிம்புகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. அதன் நடுக்கோயிலில் ஒரு நிலைக்கல்லில் கோயிலின் முகப்பையே சிறிதாகச் செதுக்கி வைத்திருக்கிறான் யாரோ ஒருவன். விரல் நீட்டிக் காட்டாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் தாண்டிப் போய்விடுவார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் கீழ்க்கோயிலின் வாசல் வழியே உதயசூரியனின் ஒளி நேராக உள்ளே பாயும்.

இங்கே கிடைத்த சிலைகளின் மூலங்கள் வல்லெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே அருங்காட்சியகத்தையும் கோயில்களையும் ஒரே அரை நாளில் கோர்க்கும் வழிகாட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வரிசையும் முக்கியம்: முதலில் சிலைகள், பிறகு கற்கள்.

ஹைபோஜியம் என்கிற ஹால் சஃப்லியெனி நிலத்தடிக் கல்லறை முற்றிலும் வேறு கதை. 1902-இல் வீடு கட்டத் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரோவியங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு முறைக்குப் பத்துப் பேர், நாளுக்கு எண்பது பேர் மட்டுமே. உள்ளே ஒலிவழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், புகைப்படம் கிடையாது. அதாவது நீங்கள் அமர்த்திய வழிகாட்டி எத்தனை பெரிய பண்டிதராக இருந்தாலும் அங்கே அவருக்கு வேலை இல்லை. வாரக்கணக்கில் முன்கூட்டியே நீங்களே டிக்கெட் எடுத்துவிட்டு, மற்றத் திட்டங்களை அந்த நேரத்தைச் சுற்றி அமைத்துக்கொள்வதுதான் வழி. பல தலங்களுக்குச் செல்லும் ஒருங்கிணைந்த அனுமதிச் சீட்டிலும் இது சேராது. சுற்றுலா நிரலில் "ஹைபோஜியம்" என்று எழுதியிருந்தால் உள்ளே போவதா, வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் பார்ப்பதா என்று கேளுங்கள்.

இனி மலிவான வழிகள். திறந்த மேல்தளச் சுற்றுலா பஸ் வடக்குச் சுற்று, தெற்குச் சுற்று என்று ஓடுகிறது. காதில் கருவி மாட்டிக்கொண்டு பதிவு செய்த குரலைக் கேட்கலாம். எனக்கு இதில் ஈடுபாடு இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்காகக் கடிகாரம் பார்ப்பதிலேயே மனம் போய்விடும். ஜூலை வெயிலில் மேல்தளத்தில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். கப்பலில் வந்து அன்றே கிளம்புகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிப் பார்த்த திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான்.

ஊர் பஸ் அதைவிட மேல். ஒரு டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போகலாம். பெரும்பாலான தடங்கள் வல்லெட்டா கோட்டைவாசலுக்கு வெளியே இருக்கும் நிலையத்தில் வந்து கூடுகின்றன. ஏறும் இடம் நிலையமாக இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். நடுவழி நிறுத்தமாக இருந்தால், கோடையில் நிரம்பி வழியும் பஸ் நிற்காமலே போய்விடும். இம்தினாவுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பழைய தலைநகரான அந்தக் கோட்டைக்குள் வெளியார் காருக்கு அனுமதி இல்லை. சுற்றுலாக் குழுக்கள் பகலில் வந்து மாலையில் கலைந்துவிடும். ஐந்து மணிக்கு மேல் பஸ்ஸில் போய் இறங்கி, மஞ்சள் கல் சந்துகளில் ஆளரவமின்றி நடப்பதற்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. பிர்கு, செங்லியா பக்கம் போக பஸ்கூட வேண்டாம். துறைமுகத்தைக் கடக்கும் படகு சில நிமிடங்களில் கொண்டுபோய்விடும். கோட்டைகளைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான் அழகு.

சொந்தமாகக் கார் ஓட்டுவது? பிரிட்டிஷ் காலத்துப் பழக்கம் மாறாமல் இங்கே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நமக்குச் சிரமம் இல்லை. சிரமமெல்லாம் வண்டியை நிறுத்த இடம் தேடும்போதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஓட்டுநரோடு கூடிய தனிக் கார் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது: கோசோ. பக்கத்துத் தீவு, 67 சதுர கிலோமீட்டர். பார்க்க வேண்டியவை நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன: ஷாரா மேட்டில் ஜிகாந்தியா கோயில்கள், நடுவில் விக்டோரியா நகரின் கோட்டை, வடகரையில் உப்புப் பாத்திகள், மேற்கே த்வேய்ரா. உள்ளூர் பஸ்கள் விக்டோரியாவிலிருந்து ஆரக்கால் போலப் பிரிந்து போகின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வந்து மாற வேண்டும். நாள் கரைந்துவிடும். இங்கே நெரிசலும் குறைவு என்பதால் காருக்குக் கொடுக்கும் காசுக்கு உண்மையிலேயே தூரம் கிடைக்கும். சிறு குடும்பங்களுக்கு ஆட்டோவில் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் உண்டு. சந்துகளில் நுழைய அதைவிட வசதி வேறில்லை. ஆனால் கோசோக்காரரையே அமர்த்துங்கள். மால்டாவிலிருந்து காரோடு கப்பலேறி வந்தால் சிர்கேவ்வா துறையில் காத்திருக்கும் நேரமும் உங்கள் வாடகையில் ஏறும். நீங்கள் மட்டும் ஆளாகக் கப்பலேறினால் சுமார் 25 நிமிடத்தில் இம்ஜார் துறையில் இறங்கலாம். ஓட்டுநர் அங்கே நிற்பார்.

த்வேய்ராவில் இருந்த 'நீலச் சாளரம்' என்ற கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படத்தைப் போட்டு இன்னும் விற்கிறவர்கள் இருந்தால் அவர்களைத் தவிர்த்துவிடலாம்; நிரலைப் புதுப்பிக்காதவர் வேறு எதையும் புதுப்பித்திருக்க மாட்டார்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு மட்டும் என் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்கு வாசலில் வண்டி நிற்பதே பாதிச் சுகம். அப்போதும் முழு நாள் வேண்டாம். அரை நாளாக இரண்டு முறை எடுங்கள். முழு நாள் நிரல்களில் மதியத்துக்கு மேல் கைவினைக் கடைகளில் ஒரு நீண்ட நிறுத்தம் நுழைந்துவிடுவது வழக்கம். அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேராலயத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் மார்சஷ்லோக்கின் பெரிய மீன்சந்தை அன்றுதான், முகப்பில் கண் வரைந்த வண்ணப் படகுகளும் கரை நிறைய நிற்கும். ஞாயிறன்று வழிகாட்டியை அமர்த்தாமல் ஊர் பஸ்ஸில் சந்தைக்குப் போய்விட்டு, வழிகாட்டியைத் திங்கட்கிழமை காலைக்கு வல்லெட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.